திடலில் முழங்கால், வீட்டில் முணுமுணுப்பு: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல் ராத்திரி

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் தொடருங்கள்.

2020 ஜூன் 18, அதிகாலை ஒரு மணி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். மூன்று மாதமாக எங்கும் பந்து உருளவில்லை. இங்கிலீஷ் பிரிமியர் லீக் அன்றுதான் மறுபடி ஆரம்பித்தது. ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் மோதின. மற்ற நாளாக இருந்தால் அந்த ஆட்டத்துக்காக எங்கள் வீட்டில் ஒருவரும் தூக்கத்தை விட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு நானும் மாமாவும் மைலோ கலக்கி வைத்துக்கொண்டு திருவிழாவுக்குக் காத்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

விசில் ஊதினார்கள். ஒருவரும் பந்தைத் தொடவில்லை. இரண்டு குழு ஆட்டக்காரர்களும் நடுவரும் ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தார்கள். சட்டை முதுகில் ஆட்டக்காரர் பெயர் இல்லை. எல்லார் முதுகிலும் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’, கறுப்பர் உயிரும் முக்கியம் என்கிற முழக்கம். அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். “வெளையாட்ட வெளையாட்டா விடமாட்டானுங்க” என்றபடி அடுப்படிக்குப் போனார். ஆட்டம் தொடங்கியதும் திரும்பி வந்தார். அந்தப் பருவம் முழுக்க இதே சடங்கு. அவர்கள் முழங்கால் ஊன்றும்போது மாமா அடுப்படியில். ஆனால் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

அதே ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. வில்லா கோல்காவலர் பந்தோடு கோட்டைத் தாண்டியே போய்விட்டார். கோல் தொழில்நுட்பம் வேலை செய்யவில்லை, நடுவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் அதிரவில்லை, கோல் கிடைக்கவில்லை. ஆட்டம் 0-0. முழங்காலுக்காக மாமா பத்து வினாடி திட்டினார். அந்தக் கோலுக்காகப் பத்து நாள் திட்டினார்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 2013 ஜூன் 20. கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி ஆடின. நம் நேரப்படி சாயங்காலம். ஜாலான் ஈப்போ பக்கம் ஓர் உணவுக்கடையில் மாமா, நான், மாமாவின் லோரி நண்பர்கள். திடீரென்று கையில் கொடியோடு சிலர் திடலுக்குள் ஓடினார்கள். ஈழத்தமிழர்களுக்காகக் குரல் கொடுத்த பிள்ளைகள். கேமரா சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. காட்டமாட்டார்கள் அல்லவா? ஆனால் கடையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார். அன்று எல்லார் தே தாரிக்குக்கும் அவர்தான் காசு கொடுத்தார். மாமா காசு கொடுத்ததை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

2020இல் அவரிடம் கேட்டேன்: “மாமா, அன்னைக்கு கார்டிஃப்ல கை தட்டுனீங்களே?”

“அது வேற லா.”

எது வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? திடலில் அரசியல் வந்ததும் டிவியை அணைத்தீர்களா, இல்லை முணுமுணுத்துக்கொண்டே பார்த்தீர்களா?

நைட் ஷிப்ட்

அணைத்தவர்களோடு நான் நேரடியாகப் பேசியிருக்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

2017இல் பங்சார் சவுத்தில் ஒரு கால் சென்டரில் வேலை. அமெரிக்கத் தொலைக்காட்சிச் சந்தா ஒன்றுக்கு வாடிக்கையாளர் சேவை. அமெரிக்காவில் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அவர்களுடைய காற்பந்து தொடங்கும். கையால் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் காற்பந்து. நமக்கு அப்போது திங்கள் அதிகாலை ஒரு மணி. அதனால் எங்களுக்கு வாரம் பிறப்பதே வசவோடுதான்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: சான் பிரான்சிஸ்கோ குழுவின் காலின் கேப்பர்னிக் 2016 ஆகஸ்டில் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தார். கறுப்பின மக்கள் மீது போலீஸ் நடத்தும் வன்முறைக்கு எதிர்ப்பு. பிறகு, ராணுவத்தில் இருந்த ஒரு முன்னாள் ஆட்டக்காரர், ‘உட்காராதே, முழங்கால் ஊன்று, விழுந்த வீரனுக்கு நாங்கள் அப்படித்தான் மரியாதை செய்வோம்’ என்கிற மாதிரி யோசனை சொன்னார். முழங்கால் வந்த கதை அதுதான். மரியாதைக்காக மாற்றிக்கொண்டதைத்தான் அவமரியாதை என்றார்கள். 2017 செப்டம்பர் 22இல் டிரம்ப் அலபாமா கூட்டத்தில் இவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி, வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை 200 பேருக்கு மேல் முழங்கால் ஊன்றினார்கள், அல்லது உட்கார்ந்தார்கள்.

எங்கள் மாடியில் அன்றிரவு விளக்கெல்லாம் சிவப்பு. காத்திருப்பு வரிசை குறையவே இல்லை. ஒரு பெரியவர், வியட்நாமில் அண்ணனை இழந்தவர், குரலை உயர்த்தாமல் பேசினார். “உன் மேல் கோபமில்லை அம்மா, என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை” என்றார். அவரை நான் இன்றும் குறைத்துப் பேசமாட்டேன். அடுத்த அழைப்பில் ஒருவர் என் உச்சரிப்பைக் கேட்டதுமே நீ எந்த நாடு என்று ஆரம்பித்தார். அதுவும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இப்போது முக்கியமான விஷயம். சந்தாவை ரத்து செய்தால் நாங்கள் திரையில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை, வீடு மாற்றம், சேவைக் கோளாறு, மற்றவை. முழங்காலுக்கு அதில் இடமில்லை. முதல் நாள் எல்லாவற்றையும் ‘மற்றவை’யில் தள்ளினோம். பிறகு மேலிடத்திலிருந்து சொன்னார்கள், கீதப் பிரச்சினையால் ரத்து செய்கிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. வழக்கமாகப் பருவம் தொடங்கிவிட்டால் ஒரு காசு திரும்பாது. செய்தி பரவியது. அதற்கடுத்த வாரம் பாருங்கள், ஆளாளுக்குத் தேசபக்தி பொங்கியது. போன மாதம் விலை அதிகம் என்று அழுதவர், இந்த மாதம் கொடிக்காக அழுதார். கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் நாங்கள் என்ன நீதிபதியா? டிக் போட்டுவிட்டுப் பணத்தை அனுப்பினோம்.

பிலடெல்பியாக்காரர் ஒருவர் செப்டம்பர் கடைசியில் ரத்து செய்தார். ‘இனி என் வீட்டில் இந்த ஆட்டமே கிடையாது’ என்று சபதம். நவம்பரில் அதே கணக்கு என் திரையில் வந்தது. “மறுபடி இணைக்கணும், இந்த வருஷம் நம்ம ஈகிள்ஸ் ஜெயிக்குது” என்றார். அந்தப் பருவம் சூப்பர் பவுல் வென்றது ஈகிள்ஸ்தான். கீதம் ஒலிக்கும்போது மால்கம் ஜென்கின்ஸ் முஷ்டி உயர்த்திக்கொண்டிருந்ததும் அதே ஈகிள்ஸில்தான். நான் எதுவும் கேட்கவில்லை. “வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சார்?”

அந்த லீக்கின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை 2016இல் சுமார் 8 விழுக்காடு குறைந்தது. 2017இல் இன்னொரு 10 விழுக்காட்டை ஒட்டிச் சரிவு. உடனே ‘பாருங்கள், முழங்காலால் வந்த வினை’ என்றார்கள். 2016 தேர்தல் ஆண்டு. வேட்பாளர் விவாதம் நடந்த இரவும் ஆட்டம் நடந்த இரவும் ஒன்றாக விழுந்தன. மக்கள் கேபிள் இணைப்பையே துண்டித்துக்கொண்டிருந்த காலம் வேறு. 2018இல் எண்ணிக்கை 5 விழுக்காடு போல ஏறிவிட்டது. அதே நேரத்தில், 2016 செப்டம்பரில், லீக்கிலேயே அதிகம் விற்ற சட்டை கேப்பர்னிக்குடையது. கோபப்பட்டவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே போனவர்கள் உண்டு, அந்தப் பெரியவர் மாதிரி. ஆனால் எத்தனை பேர் என்று கேட்டால், அந்தக் காரணப் பட்டியலில் டிக் போட்ட கை என்னுடையது. அதை நம்பி நான் ஒரு ஆய்வும் எழுதமாட்டேன்.

பாயான் லெப்பாஸ்காரன்

நான் மறுபக்கம். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து டிவி போடுகிறேன். தொழிற்சாலையிலும் அரசியல், வாட்ஸ்அப் குடும்பக் குழுவிலும் அரசியல், திடலிலுமா? முதல் வாரம் அந்த முழங்காலைப் பார்த்து எனக்குச் சிலிர்த்தது உண்மை. இருபதாவது வாரம் அது டாஸ் போடுவது மாதிரி ஆகிவிட்டது. கிரிஸ்டல் பேலஸின் வில்ஃப்ரெட் சாஹா, கறுப்பினத்தவர், 2021 மார்ச்சில் நேராக நின்றார். இது ஆட்டத்துக்கு முந்தைய வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது, ஊன்றினாலும் நின்றாலும் எங்களுக்கு வசவு விழத்தான் செய்கிறது என்கிற பொருளில் பேசினார். எனக்கு அவர் பேச்சுதான் சரியாகப் பட்டது. 2022இல் அணித்தலைவர்களே கூடி, குறிப்பிட்ட சில ஆட்டங்களில் மட்டும் செய்வோம் என்று குறைத்துக்கொண்டார்கள்.

செந்தூல் அண்ணே, உங்கள் மாமாவை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன்.

செந்தூல் ராத்திரி

தம்பி, திட்ட ஒன்றுமில்லை. ஆனால் மாமாவுக்கு முதல் வாரமே சிலிர்க்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பட்டர்வொர்த் டீச்சர்

நீங்களெல்லாம் ஆட்டக்காரர் செய்யும் எதிர்ப்பைப் பேசுகிறீர்கள். ஆட்டக்காரரைக் கேட்காமலே அவர் பெயரில் செய்த எதிர்ப்பு ஒன்று எங்கள் வீட்டில் நாற்பது வருடம் குடியிருந்தது.

அப்பா ரயில்வே. 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியாவுக்கும் தென்கொரியாவுக்கும் ஒலிம்பிக் தகுதி ஆட்டம். சனி இரவு ரயிலேறிப் போய், ஆட்டம் பார்த்து, ஞாயிறு இரவு ரயிலில் திரும்பி, திங்கள் காலை அப்படியே வேலைக்குப் போனார். 2-1 வெற்றி. ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோலைச் சாப்பாட்டு மேசையில் உப்புச் சாடியையும் ஊறுகாய்ப் புட்டியையும் வைத்து எத்தனை முறை காட்டியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஆனால் அப்பாவின் ஆள் கோல்காவலர் ஆர். ஆறுமுகம்தான். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்ட மனிதர். அந்த நீளக் கைகளைப் பற்றிப் பேசும்போது அப்பா தன் கையையும் நீட்டுவார். அம்மா சொம்பை நகர்த்தி வைப்பார்.

மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நம் நாடும் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. அப்பா ஆப்கானிஸ்தானுக்கு எதிரி அல்ல. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “நியாயம்னா நியாயம்தான், ஒத்துக்கிறேன். அதுக்கு ஏன் அந்தப் பையன் கையில வந்த பந்தப் புடுங்கணும்?”

அவர் செய்த எதிர்ப்பு வேறு மாதிரி. மாஸ்கோ ஒலிம்பிக் நடந்த அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் விளையாட்டுச் செய்தி கூடாது. ரேடியோவில் வந்தால் அணைத்துவிடுவார். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அதே மாஸ்கோவில் ஹாக்கியில் இந்தியா தங்கம் வென்றது, குழுத் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் தமிழர். இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனது. அதற்கும் அப்பா புறக்கணிப்பைத்தான் திட்டினார்.

1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். அன்றைக்கு அப்பா பசியாறவில்லை. காற்பந்தில் நாம் மறுபடி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. அப்பா கடைசிவரை எல்லா ஆட்டத்தையும் பார்த்தார், பார்த்துக்கொண்டே மாஸ்கோவை இழுப்பார்.

மஞ்சள் சட்டை

டீச்சர், கண் கலங்கிவிட்டது. என் கதை புகையால் கண் கலங்கியது.

2015 செப்டம்பர் 8, ஷா ஆலாம் அரங்கம். ஐந்து நாள் முன்பு அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 10-0 தோல்வி. பத்து! காற்பந்துச் சங்கத்தின் மீது எல்லாருக்கும் ஆத்திரம். அன்று சவுதியோடு உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். நான் வீட்டிலிருந்து தேசியக் குழுவின் மஞ்சள் சட்டையோடு கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்தார். ஒரு வாரம் முன்புதான் நேர்மையான தேர்தல் கேட்டு பெர்சே 4 பேரணி, அந்த மஞ்சள் சட்டைக்குத் தடை. “இது புலி போட்டது மா, அது வேற” என்று விளக்கிவிட்டு வந்தேன். (செந்தூல் அண்ணே, ‘அது வேற’ என்று நானும் சொல்லியிருக்கிறேன்.)

சவுதி 2-1 முன்னிலை. 88ஆவது நிமிடம். பட்டாசு, புகைக்குண்டு, தீப்பந்தம் மாதிரி சிவப்பு வெளிச்சம். அதில் கொஞ்சம் திடலில் விழுந்தது, கொஞ்சம் எங்கள் பக்கத்து வரிசைகளிலேயே விழுந்தது. எதிர்ப்பு என்னுடையதும்தான், கோஷம் போட்டேன், மறுக்கவில்லை. ஆனால் என்னோடு வந்த சித்தப்பா மகனுக்கு ஒன்பது வயது. அவன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கியபோது எனக்குச் சங்கம், தலைவர், பதவி விலகல் எல்லாம் மறந்துபோயிற்று. ஆட்டம் அதோடு நின்றது. சவுதிக்கு 3-0 என்று வெற்றி கொடுத்தார்கள்.

மூன்று வருடம் அரங்கத்துப் பக்கம் போகவில்லை. 2018 டிசம்பரில் புக்கிட் ஜாலிலில் வியட்நாமோடு தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்று, 2-2. எண்பதாயிரம் பேருக்கு மேல். அவனும் வந்தான், பன்னிரண்டு வயது, என்னைவிடச் சத்தமாகக் கத்தினான்.

விசில் பார்ட்டி

சென்னையில் நடந்ததை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். யாரும் இல்லை. சரி, அந்த அரங்கத்துக்குள் இருந்தவன் சொல்கிறேன்.

2018. இரண்டு வருடத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பிய வருடம். ஏப்ரல் 10, சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு முதல் உள்ளூர் ஆட்டம். கோலாலம்பூரிலிருந்து மலிவு விமான டிக்கெட்டை ஜனவரியிலேயே பிடித்துவிட்டேன். நான் போடாத கணக்கு காவிரி.

பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) 177.25 ஆகக் குறைந்தது. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வகுக்கச் சொன்னார்கள். கெடு முடிந்தும் மத்திய அரசு அசையவில்லை. தமிழ்நாடு கொதித்தது. ‘தண்ணீர் இல்லாத ஊரில் கிரிக்கெட் ஒரு கேடா’ என்கிற கேள்வி சுவருக்குச் சுவர்.

எனக்கு இது வெறும் செய்தி அல்ல. எங்கள் தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி கெடாவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். பெரியப்பா வழி சொந்தம் இன்னும் அங்கே நிலம் வைத்திருக்கிறது. சென்னை இறங்கியதும் அத்தைக்குப் போன் போட்டேன். “மேட்சுக்கா வந்த?” என்றார். அந்த ‘மேட்சுக்கா’வில் இருந்த இழுவை இன்னும் காதில் இருக்கிறது. அவர்கள் வயல் அந்த வருடம் தரிசு.

சாயங்காலம் அண்ணா சாலையில் வண்டி நகரவில்லை. பாதி தூரம் நடந்தேன். எங்கே பார்த்தாலும் போலீஸ். மஞ்சள் சட்டை போட்ட என்னைப் பார்த்து ஒரு பையன், கல்லூரி வயதுதான் இருக்கும், கத்தவில்லை, கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணா, போகாதீங்கண்ணா.” வேறு சிலர் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களைத் தாண்டுவது எனக்கு எளிதாக இருந்தது. கும்பிட்டவனைத் தாண்டுவதற்குத்தான் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். வாசலில் கறுப்புத் துணி என்றால் பை அடிவரை துழாவினார்கள்.

உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஜடேஜா நின்ற பக்கம் காலணி வந்து விழுந்தது. எறிந்தவர்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிலர் அவர்களைத் திட்டினார்கள். சிலர் பேசாமல் இருந்தார்கள். என் முன்வரிசையில் ஒரு குடும்பஸ்தர் திட்டிவிட்டு, இரண்டு ஓவர் கழித்துப் பக்கத்து ஆளிடம் மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் கொல்கத்தாவின் ரஸ்ஸல் 36 பந்தில் 88, பதினொரு சிக்ஸ். அரங்கத்துக்கு அதற்கு மேல் வேறு நினைப்பு இல்லை. 203 ஓட்டங்கள் வேண்டும். கடைசி ஓவரில் ஜடேஜா சிக்ஸ் அடித்து முடித்தார், அதே ஜடேஜா. விசில் அடித்தேனா? அடித்தேன். தொண்டை கட்டும்வரை.

மறுநாள் அறிவிப்பு: மிச்சமிருக்கும் சென்னை ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்கு மாற்றம். ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே புனேவுக்குப் போனது. தொலைக்காட்சியில் பார்த்தால் புனே அரங்கம் மஞ்சளாக இருந்தது. குழு கிண்ணத்தையும் வென்றது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் ‘ஆட்டத்தையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டோம்’ என்று வெற்றி கொண்டாடினார்கள், ரசிகர்கள் ‘புனே போயும் பார்த்துவிட்டோம்’ என்று கொண்டாடினார்கள். தண்ணீர் வழக்கு தன் போக்கில் நடந்தது. சேப்பாக்கத்து வாசலில் சுண்டல் விற்றவர்தான் அந்த வருடம் முழுக்க நஷ்டப்பட்டவர், அவர் எந்தக் கட்சியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2013இல் இதே சென்னையில் இலங்கை ஆட்டக்காரர் யாரும் ஆடக்கூடாது என்று ஐபிஎல் முடிவெடுத்தது. முதலமைச்சர் ஜெயலலிதா எழுதிய கடிதத்துக்குப் பிறகு. அப்போது பெங்களூர்க் குழுவில் முத்தையா முரளிதரன். தமிழர், போதாக்குறைக்குச் சென்னை மாப்பிள்ளை. தமிழர்களுக்காக எடுத்த முடிவில் ஒரு தமிழர் மாமியார் ஊரில் பந்து போட முடியவில்லை. அந்த முடிவை நான் அன்று ஆதரித்தேன். 2009இல் இங்கே தூதரகங்கள் முன்னால் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று கேட்டால் பாதி மனசு ஆதரிக்கும். மீதி பாதியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தைக்கு நான் ஆட்டம் பார்த்ததைச் சொல்லவில்லை. மழையென்று ரத்தாகிவிட்டது என்றேன். சென்னையில், ஏப்ரலில், மழை. அத்தை ஒன்றும் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பழசு

மெர்டேக்கா அரங்கம் என்றதும் ஞாபகம் வந்தது. சின்னதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1975 ஜூலை 1, அங்கேதான் முகமது அலி, ஜோ பக்னரோடு மோதினார். பதினைந்து சுற்று, புள்ளியில் அலி ஜெயித்தார். எனக்குப் பதினோரு வயது, உள்ளே போகக் காசில்லை, வெளியே சத்தத்தைக் கேட்டே யார் அடித்தார் என்று கண்டுபிடிக்கும் கூட்டத்தில் நானும். வியட்நாம் போர் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் போருக்குப் போகமாட்டேன் என்று 1967இல் சொன்னதற்காகப் பட்டத்தைப் பிடுங்கி, மூன்று வருடத்துக்கு மேல் அவரை வளையத்துக்குள்ளேயே விடவில்லை. அமெரிக்காவில் அன்றைக்கு அவரைத் துரோகி என்றவர்கள் ஏராளம். இங்கே கோலாலம்பூரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அவர் சொந்த ஆள். “அடி வாங்குறது தொழிலு, அதுக்காக அடிமைன்னு அர்த்தமில்ல” என்று எங்கள் வரிசை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் குத்துச்சண்டையே பார்க்காதவர்.

இதில் ஒன்று கவனியுங்கள். அலி எதிர்த்தது நம் அரசாங்கத்தை அல்ல. அதனால் ரசிப்பது சுலபம்.

ஜார்ஜ்டவுன் ரொட்டி

பழசு ஐயா சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் சாட்சி இருக்கிறது.

2022 நவம்பர் 21, திங்கள் இரவு ஒன்பது மணி. மாமாக் கடையில் இங்கிலாந்து - ஈரான் உலகக் கிண்ண ஆட்டம். இரண்டு நாள் முன்புதான் நம் பொதுத் தேர்தல், யாருக்கும் பெரும்பான்மை இல்லை. யார் பிரதமர் என்று தெரியாத நாடு. மேசைக்கு மேசை அதே பேச்சு. ஈரான் கீதம் ஒலித்தது. பதினொரு பேரும் வாயைத் திறக்கவில்லை. கேமரா முகம் முகமாக நகர்ந்தது. முக்காடு விவகாரத்தில் பிடிபட்ட மஹ்சா அமினி என்ற பெண் போலீஸ் காவலில் இறந்த பிறகு அங்கே நடந்ததெல்லாம் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் கடை அடங்கிவிட்டது. ரொட்டி வீசிக்கொண்டிருந்த அண்ணன்கூடக் கையை நிறுத்திவிட்டார். பாடாமல் இருப்பது அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் 6-2 என்று இங்கிலாந்து அடித்துத் துவைத்தது, அது வேறு விஷயம். அடுத்த ஆட்டத்தில் அவர்கள் உதடு அசைத்துப் பாடினார்கள். எங்கள் மேசையில் ஒருவரும் அதற்காக அவர்களைக் குறை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே கடை, அதே நேரம். ஜெர்மனி ஆட்டக்காரர்கள் குழுப்படத்தில் வாயைக் கையால் மூடினார்கள். ஒருபாலினத்தவருக்கு ஆதரவான வண்ணக் கைப்பட்டைக்கு ஃபிஃபா தடை போட்டதற்கு எதிர்ப்பு. கடையில் ஒரே கூச்சல். “ஊருக்கு வந்தா ஊர் வழக்கப்படி இரு” என்றார் ஒருவர். ஜப்பான் 2-1 ஜெயித்ததும் ஊரே கைதட்டியது. திங்கட்கிழமை மௌனத்துக்கு மரியாதை கொடுத்த அதே ஆட்கள்தான். நானும் அதில் ஒருவன், ஜப்பானுக்குத்தான் கைதட்டினேன். மறுநாள் நமக்குப் பிரதமர் கிடைத்தார், பேச்சு அங்கே போய்விட்டது.

செந்தூல் ராத்திரி

எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சரின் அப்பா கதையில் இரண்டு முறை ‘உச்’ கொட்டினார். சேப்பாக்கத்துக் கதைக்கு, “அந்தப் பையன் கும்பிட்டப்ப திரும்பியிருக்கணும்” என்றார். அப்படியானால் முழங்கால் போட்டவர்களை மட்டும் பார்க்காமல் ஏன் அடுப்படிக்குப் போனீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நைட் ஷிப்ட் அக்கா, உங்கள் பட்டியலில் எங்கள் மாமாவை எதில் போடுவீர்கள்?

நைட் ஷிப்ட்

மற்றவை.

செந்தூல் ராத்திரி

மாமா இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்: நம்ம ஊர்லயும் அப்படிச் சொன்னா சந்தாப் பணம் திரும்பக் கிடைக்குமா?